விருத்தாசலத்தில் ஒரு கேப்டனை வேவு பார்த்தேன்

விருத்தாசலத்துக்கு நான் முதல் தடவை போனது ஒரு மனிதரை வேவு பார்க்க. வெளியில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் ஊரான பினாங்கில் சக குமாஸ்தாக்களிடம் கோயில் பார்க்கப் போவதாகச் சொன்னேன். கப்பலில் பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டபோது பீங்கான் ஜாடி வியாபாரம் என்றேன். அந்தப் பொய் எனக்கே பிடித்துப்போனதால் விருத்தாசலம் வரைக்கும் அதையே கொண்டு போனேன்.

அறுபதுகளின் கடைசி அது. என் தங்கை சுகுணாவுக்கு விருத்தாசலத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை ஜெயராமன் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் சூளை மேற்பார்வையாளர். அவருடைய அப்பா தெய்வசிகாமணி பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து கேப்டனாக ஓய்வு பெற்றவர். மகன் வேலை பார்த்த இடத்திலேயே வாசல் காவலுக்குத் தலைவராக இருந்தார். போட்டோவில் எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள். எங்களுக்கு அதுதான் பயம். அக்காவைக் கட்டிக்கொண்டவனும் போட்டோவில் நன்றாகத்தான் இருந்தான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு என்பது கல்யாணமாகி நாலு மாதம் கழித்துத் தெரிந்தது. அக்கா திரும்பி வந்து எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யார் கல்யாணத்துக்கும் அவள் போனதில்லை.

“போட்டோவையும் கடுதாசியையும் நம்பி இன்னொரு பொண்ண அனுப்ப மாட்டேன்,” என்றாள் அம்மா. “நீயே போய்ப் பாரு. நல்லவங்கன்னு நாலு பேர் சொன்னா, ஏன் சொல்றாங்கன்னு யோசி.”

நான் அம்மாவின் மகன். யோசிப்பதில் குறை வைக்கவில்லை.

ரயிலை விட்டு இறங்கியபோது காலை எட்டு மணி. பினாங்கு வெயில் ஈரத் துணி மாதிரி மேலே ஒட்டும். இந்த வெயில் காய்ந்து அடித்தது. லாட்ஜுக்குப் போக ஒரு ஜட்காவில் ஏறினேன். அரைப் பர்லாங்கு போனதும் குதிரை ஒரு டீக்கடை முன்னால் நின்றுவிட்டது. வண்டிக்காரர் சாட்டையைத் தொடக்கூட இல்லை.

“நான் டீ குடிக்காம அது நவுறாதுங்க. பழகிப்போச்சு,” என்று இறங்கினார். நானும் இறங்கினேன்.

எங்கள் ஊரில் டின் பாலை ஊற்றிக் கரண்டி நிற்கிற மாதிரி டீ கொடுப்பார்கள். இங்கே வந்தது வேறு மணமாக இருந்தது. ஆட்டுப்பாலோ என்று சந்தேகப்பட்டேன். கடைக்காரரிடம் அதைக் கேட்காமல் கேப்டனைப் பற்றிக் கேட்டேன்.

“கேப்டன் வூடா? தங்கமான குடும்பம்ங்க,” என்றார் அவர்.

சட்டைப்பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தில் ‘தங்கமான குடும்பம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘ஏன்?’ என்று போட்டேன்.

“கொறன்னு ஒண்ணு சொல்லணும்னா கொஞ்சம் ராங்கி. பின்னால நின்னு எத்தினி வாட்டி கூப்புட்டாலும் திரும்ப மாட்டாரு. எதுருல போயி நின்னு கும்புட்டாத்தான் பேசுவாரு. பட்டாளத்துல அதிகாரம் பண்ணவரு இல்லீங்களா?”

வண்டிக்காரர் சேர்ந்துகொண்டார். “ரோட்ல அவரு நடந்து போனா, மணி அடிச்சாலும் ஒதுங்க மாட்டாருங்க. குதிரதான் ஒதுங்கும்.”

திமிர் பிடித்த மாமனார் என்று எழுதிக்கொண்டேன். அக்கா வாழ்ந்த வீட்டிலும் மாமனார் திமிர் பிடித்தவர்தான்.

மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் போனேன். வாசலுக்கு வருமுன்பே வெள்ளைத் தூசி செருப்பில் படிந்துவிட்டது. உள்ளே ஊறுகாய் ஜாடிகளும் ஃப்யூஸ் கட்டைகளும் பலகைகளில் வரிசையாகக் காய்ந்தன. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு கோப்பைகளுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் காக்கிச் சட்டையும் முகம் தெரிகிற பூட்ஸுமாக ஒருவர் நின்றார். உயரமானவர். நரைத்த புருவம் அடர்த்தியாக இருந்தது. அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தது முதல் என் வாயையே பார்த்தார். எனக்கு மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் உண்டு. இவருக்கு அதன்மேல் கண்ணோ என்று வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டேன். அப்படிச் செய்ததும் அவர் இன்னும் குனிந்து பார்த்தார்.

சூளையின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தபடி, “உள்ள எத்தனை பேர் வேலை செய்றாங்க?” என்று கேட்டேன். பதில் இல்லை. அவர் பக்கத்தில் நின்ற காவலாளி வேலு நகர்ந்து அவருக்கு எதிரே வந்து, அதே கேள்வியை மறுபடி சொன்னார். அதன் பிறகுதான் கேப்டன் பதில் சொன்னார். ராஜாவுக்கு மந்திரி மூலம் பேச வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வருகைப் பதிவேட்டை என் முன் வைத்தார்கள். பெயர், ஊர், வந்த காரியம். காரியம் என்ற இடத்தில் ஜாடி கொள்முதல் என்று துணிந்து எழுதினேன். பெயரும் ஊரும் உண்மையானதை எழுதிவிட்டேன். வேவு பார்ப்பதில் எனக்கு முன்அனுபவம் இல்லை.

கேப்டன் பதிவேட்டைத் திருப்பிப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“ஜாடி வாங்க வந்தீங்களா, மாப்ள பாக்க வந்தீங்களா தம்பி?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. வேலு சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“லாட்ஜுல மூட்டப்பூச்சி கடிக்கும். பெட்டிய எடுத்துக்கிட்டு வூட்டுக்கு வந்துருங்க. வேவு பாக்குறவரு உள்ள இருந்தாத்தான் நல்லா தெரியும்,” என்றார் கேப்டன்.

போனேன். ஓட்டு வீடு, சுண்ணாம்பு அடித்த சுவர், கூடத்தில் பட்டாளத்து இரும்பு டிரங்குப்பெட்டி. வீட்டில் நாலு பேர்: கேப்டன், அவர் மனைவி பூங்காவனம், மகன் ஜெயராமன், பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற மகள் வசந்தா. ஜெயராமன் அதிகம் பேசாதவர். கைரேகைக்குள் வெள்ளைக் களிமண் படிந்திருந்தது. கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு, “போவாதுங்க இது,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே எச்சரிக்கையானேன்.

அன்று மாலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. கூடத்து விளக்கு நடுவில் இல்லை. கேப்டன் உட்காரும் இடத்துக்குப் பின்னால், எதிரே இருப்பவர் முகத்தில் விழுகிற மாதிரி தொங்கியது. போலீஸ் விசாரணைக்கு உட்கார்த்தி வைத்தது போல நான் கண்ணைச் சுருக்கினேன். சாப்பிடும்போது யாராவது பேச வேண்டுமென்றால் வாயிலிருப்பதை விழுங்கிவிட்டுத்தான் பேசினார்கள். வசந்தா கூடத்துக்குள் வருமுன் காலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு வந்தாள். இவ்வளவு பயமா அப்பாவிடம் என்று எழுதிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு கேப்டன் ரேடியோவைப் போட்டுக்கொண்டு அதன் முன் உட்கார்ந்தார். பச்சை விளக்கு எரிந்தது. செய்திக்கான நேரம்தான். ஆனால் ஸ்டேஷன் எங்கோ விலகி, ரேடியோவில் இரைச்சல் மட்டும்தான் வந்தது. கேப்டன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கால் மணி நேரம் அந்த இரைச்சலைக் கேட்டார். நடுவில் இரண்டு தடவை தலையாட்டினார். பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டு, “அரிசி வெலை எறங்கும்னு சொல்றான்,” என்றார். வீட்டில் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அரிசி விலை சமாசாரம் காலைப் பத்திரிகையில் இருந்ததை நான் படித்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் பல் துலக்கப் பின்கட்டுக்குப் போனேன். கிணற்றடியில் கேப்டனும் பூங்காவனமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளின் வாய் வேகமாக அசைந்தது. சத்தமே இல்லை. கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, “செரி, அப்பிடியே செஞ்சிரு,” என்றார். அந்த அம்மாள் மறுபடி சத்தமில்லாமல் வாயை அசைத்தார். இது திமிரில்லை, இந்த வீட்டில் வேறு ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த வீட்டில் ஞாயிறு சமையல் கேப்டனுடையது. சப்பாத்தியும் பட்டாளத்துப் பருப்பும். விருத்தாசலத்தில் அப்போது சப்பாத்தி காய்ச்சல்காரர் சாப்பாடு. அவர் செய்தது பூப்போல இருந்தது. மாவு தேய்த்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். கருவேப்பிலங்குறிச்சியில் கம்பு விதைக்கிற குடும்பம். பதினெட்டு வயதில் ஆள் எடுக்க வந்தவர்கள் மார்பை அளந்து கூட்டிப்போனார்கள். பீரங்கிப் படை. பர்மாக் காட்டில் கோவேறு கழுதையோடு சேற்றில் மூன்று மாதம். கையெழுத்து மட்டும் தெரிந்தவர், ஒரு சமையல்காரரிடம் தமிழும் இங்கிலீஷும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். வடக்கே பனியில் இருந்தபோது மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு கடிதம். ஜெயராமனுக்கு எழுத்துத் தெரியாத வயதில், கடிதத்தில் குதிரையும் கழுதையும் வரைந்து அனுப்பினாராம். லீவில் வந்தால் ஊர் சுற்ற மாட்டார். பிள்ளைகளுக்குப் பித்தான் தைப்பார், மகளுக்குத் தலை பின்னிவிடுவார்.

பேசும்போது அவர் வேறு மனிதராக இருந்தார். குரல் மட்டும் கொஞ்சம் ஓங்கி இருந்தது. நாங்கள் சிரித்தால் சிரித்தார். நான் குறுக்கே ஏதாவது கேட்டால் தடுமாறி, என் மீசையை வெறித்துப் பார்த்தார். எனக்கு அப்போது மேலுதட்டை மூடிய மீசை.

இரண்டு சப்பாத்தி கூடுதலாகவே சாப்பிட்டேன். சந்தேகம் அதனால் குறையவில்லை.

திங்கட்கிழமை, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறினேன். கேப்டன் வீட்டுக்குத் துணி எடுப்பது அங்கே ஒரு பாய் கடையில் என்று வசந்தா சொல்லியிருந்தாள். பாதி வழியில் பஸ்ஸுக்கு டயர் வெடித்தது. டிரைவரும் கண்டக்டரும் முந்திரி மர நிழலில் உட்கார்ந்து, யார் ஸ்டெப்னியை மறந்தது என்று சாவகாசமாகச் சண்டை போட்டார்கள். இதற்குள் பினாங்கில் தீவையே சுற்றி வந்திருக்கலாம். கடைசி இரண்டு மைல் நடந்தேன்.

கடைக்கார பாய் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். “கேப்டன் சாபுங்களா? என்னா தைரியம்ங்க அவருக்கு! போன வருசம் சந்தையில சரவெடி ஒண்ணு அவரு முதுகுக்குப் பின்னாலதான் வெடிச்சுது. ஜனங்க அலறி ஓடுனாங்க. அவரு நின்ன எடத்துலயே நின்னு கத்திரிக்கா பொறுக்குனாரு. பட்டாளத்து நெஞ்சுங்க அது.”

அவர் சொன்னதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் அதை வைத்து முடிவுக்கே வந்துவிட்டேன். போரில் மூளை கலங்கிய மனிதர். இரைச்சலைச் செய்தி என்கிறார், வெடி வெடித்தால் அசைவதில்லை, மனைவி அவரிடம் சத்தமில்லாமல் மந்திரம் சொல்கிறாள். வீடே சேர்ந்து மறைக்கிறது. மகனுக்கும் வராது என்று என்ன நிச்சயம்? திரும்பும் பஸ்ஸில், ‘வேண்டாம்’ என்று புத்தகத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

மறுநாள் கிளம்புவதாக இருந்தேன். கேப்டன், தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டி அம்மாவுக்கென்று ஒரு ஜாடியும் கொடுத்தார். திரும்பும்போது குறுக்கு வழி என்று ரயில்வே யார்டு ஓரமாக அழைத்துப் போனார். அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். அவர் முன்னால், நான் ஜாடியோடு பத்தடி பின்னால்.

ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் அவர் நின்று, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துத்தான் கடந்தார். மூன்றாவது தண்டவாளத்தில் கால் வைத்ததும் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருப்பதைக் கண்டு, அங்கேயே குனிந்தார். அப்போதுதான் பார்த்தேன். தூரத்தில் எஞ்சின் தள்ளிவிட்ட ஒற்றைக் கூட்ஸ் பெட்டி, எஞ்சின் இல்லாமல் தானாக உருண்டு வந்துகொண்டிருந்தது.

“சார்!” என்று கத்தினேன். யார்டு ஆள் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். கேப்டன் நிதானமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். “சார்! சார்!” என் தொண்டை கிழிந்தது. அவர் தலைகூட நிமிரவில்லை.

ஜாடி எப்போது கையை விட்டுப் போனது என்று தெரியாது. ஓடிப்போய் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்தோம். பெட்டி எங்கள் காலடியைக் கடந்து போயிற்று.

யார்டு ஆள் வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். கேப்டனுக்கு முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய கட்டைகள் மேல் உட்கார வைத்தேன். பாதியில் விட்ட பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்தார். பிறகு என் பக்கம் முழுவதாகத் திரும்பினார்.

“கூப்புட்டீங்களா தம்பி?”

“தொண்டை கிழிய.”

தலையாட்டினார். “எனக்குக் கேக்காது.”

“எதுவுமேயா?”

“எதுவுமே. பீரங்கிக்கிட்ட நின்னு நின்னு அப்பவே கொறஞ்சுது. ஊருக்கு வந்து ரெண்டு வருசத்துல சுத்தமா போயிருச்சு. மத்தவங்க வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து, ஜனங்க பேசுறதப் பாத்துப் பாத்துப் பழகுனேன். உங்க வாயிதான் கஷ்டம். மீச மறைக்குது.”

தங்கப் பல்லை மூடிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

“வூட்ல யாருக்கும் தெரியாது,” என்றார். “நீங்களும் சொல்லிடாதீங்க. பூங்காவனம் இத்தினி வருசம் ஒத்தையா நின்னு புள்ளைங்கள வளத்தா. அவளுக்குத் தொணையா இருக்கத்தான் நான் திரும்பி வந்தேன். வந்ததும் வராததுமா இன்னொரு சொமையா போயி உக்கார முடியுமா, சொல்லுங்க?”

எழுந்திருக்கும்போது, “வசந்தா கொரல நான் கடைசியா கேட்டப்ப அவ ரெண்டாங் கிளாஸு. இப்ப எப்படி இருக்குது அவ கொரலு?” என்று கேட்டார்.

அவர் முகத்துக்கு நேரே நின்று, மீசையை விரலால் ஒதுக்கிக்கொண்டு சொன்னேன். “கொஞ்சம் கட்டைக் குரல்தான். ஆனா நல்லா பாடுறாங்க.”

“பாடுறாளா?” என்றார். “வாய் அசையும். பாடம் மனப்பாடம் பண்றான்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

வீட்டுக்கு வந்தோம். கல் தடுக்கி விழுந்ததாக அவரே சொன்னார். பூங்காவனம் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு அவரைப் படுக்க வைத்தார். பிறகு என்னைப் பின்கட்டுக்கு வரச்சொன்னார்.

“யார்டு வழியாவா வந்தீங்க? ரயிலா தம்பி?”

நான் கிணற்றுக்குள் பார்த்தேன்.

“அப்ப அவரு உங்ககிட்ட சொல்லிட்டாரு.” அந்த அம்மாள் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். “எங்களுக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க.”

ஒரு நிமிஷம் எனக்கே காது கேட்கவில்லையோ என்று இருந்தது.

“தெரியுமா? எவ்வளவு நாளா?”

“அவருக்குக் கேக்காமப் போன அன்னிலேருந்து. இருவது வருசத்துக்கு மேல குடும்பம் பண்ணவளுக்கு இது தெரியாதுங்களா? அவரு மறைக்கிறாரேன்னு நாங்களும் மறைக்கிறோம். வெளக்க மாத்தி மாட்டுனோம், பேசுறவங்க வாயி தெரியட்டும்னு. வசந்தா தரைய மிதிக்கிறது, அவருக்கு அதிர்வு தெரிஞ்சு திரும்பிப் பாக்கட்டும்னு. வாசல்ல வேலு அண்ணன் கூடவே நிக்கிறாரே, நான்தான் போயி கேட்டுக்கிட்டேன்.”

“சத்தமில்லாம பேசினீங்களே, அன்னிக்குக் காலைல?”

அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. “சத்தம் போட்டுப் பேசுனாலும் அவருக்கு ஒண்ணுதான. அக்கம்பக்கத்துக்குக் கேக்காம குடும்ப விசயம் பேசிக்கலாமேன்னுதான்.”

என்னால் சிரிக்க முடியவில்லை. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. “எல்லாம் சரிங்க. ஆனா இதையும் மறைச்சுத்தானே எங்க வீட்டுல பொண்ணு கேட்டீங்க?” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

பூங்காவனம் முழுவதும் கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தப்புதான் தம்பி. அவருகிட்ட நடிச்சு நடிச்சு, மத்தவங்ககிட்ட சொல்லணுங்கறதே மறந்துபோச்சு. உங்க தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. வர்றவ தெரிஞ்சுதான் வரணும். வேணாம்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். அவருகிட்ட மட்டும் வேற காரணம் சொல்லிடுங்க. ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிடுங்க.”

அன்று நான் கிளம்பவில்லை. மறுநாள் காலை ஜெயராமன் கூடத்தில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் பின்னால் போய் ஒரு பித்தளைச் செம்பைத் தரையில் நழுவவிட்டேன். அவர் திரும்பவில்லை.

“காது நல்லா கேக்குது மச்சான்,” என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். “செம்பு நசுங்கியிருந்தா அம்மா திட்டும். பொட்டியில இருக்கற சுருட்டப் பாத்தாலும் திட்டும்.” அவர் சுருட்டு என்றது, பினாங்கிலிருந்து நான் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து பெட்டியில் வைத்திருந்ததை. வேவு பார்த்தது நான் மட்டுமல்ல என்று தெரிந்தது.

பிறகு கடைத்தெருவுக்குப் போய் ஒரு சலூனில் மீசையை எடுத்துவிட்டேன். சலூன்காரர் இரண்டு தடவை, “நிச்சயமாங்களா?” என்று கேட்டார். மதியச் சாப்பாட்டில் கேப்டன் என்னை வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார். “இன்னிக்கு என்னமோ தம்பி பேச்சு ரொம்பத் தெளிவா இருக்குது,” என்றார் எல்லோருக்கும் பொதுவாக. வீடு மொத்தமும் குனிந்து சாப்பிட்டது.

பினாங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பெண்களையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் முகம் சுருங்கியது. “மறைக்கிற குடும்பம்,” என்றாள். தையல் மெஷினை நிறுத்தியது அக்காதான்.

“யாருக்காக மறைச்சாங்க?”

“கேப்டனுக்காகத்தான். அவர் இவங்களுக்காக.”

“என்னை ஏமாத்தினவன் அவனுக்காக மறைச்சான்,” என்றாள் அக்கா. மெஷினை மறுபடி ஓட்டப்போனவள் நிறுத்தி, “கேட்டா சொன்னாங்களா இல்லையா?” என்றாள்.

“சொன்னாங்க.”

“அப்ப நீ என்னடி சொல்ற?” என்று சுகுணாவைக் கேட்டாள். சுகுணா, “நான் ரொம்ப வேகமா பேசுவேனே, அவருக்குப் புரியுமா?” என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கல்யாணத்துக்கு அக்காவும் கப்பலேறி வந்தாள்.

சுகுணாவின் பேச்சு கேப்டனுக்கு முதல் ஆறு மாதம் புரியவேயில்லை. அவள் பாதி மலாய்ச் சொல்லாகப் பேசுவாள். பிறகு அவள் பேச்சு நிதானமாயிற்று. அவளும் தரையை மிதித்துவிட்டுக் கூடத்துக்குள் போகப் பழகினாள். பிறந்த குழந்தை நடக்கத் தொடங்கியதும் யாரும் சொல்லித்தராமலே மிதித்ததாக எழுதியிருந்தாள். வசந்தா பாடும்போது கேப்டன் எங்கிருந்தாலும் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாராம். ஊர் அவரைக் கடைசி வரைக்கும் ராங்கி பிடித்தவர் என்றும் தைரியசாலி என்றும் சொல்லிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு தந்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தது கேப்டனின் கருமாதிக்குத்தான். இந்தத் தடவை எந்த வேடமும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வேலு வந்து பந்தியில் தண்ணீர் ஊற்றினார். மங்கலம்பேட்டை பாய் வந்து, அந்தச் சரவெடிக் கதையை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை.

சுகுணா என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள். கடைசிக் காய்ச்சலில், சாவதற்கு இரண்டு நாள் முன்பு, கேப்டன் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னாராம். ‘உங்க எல்லாருகிட்டயும் ஒண்ணு மறைச்சுட்டேன். எனக்குக் காது கேக்காது. ரொம்ப வருசமாவே கேக்காது,’ என்றாராம். பூங்காவனம்தான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ‘அய்யோ, அப்படியா! எங்க ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே! இத்தினி வருசமா ஏமாத்திட்டீங்களே!’ என்று கூவினாராம். ஜெயராமன் எழுந்து வெளியே போய்விட்டார். கேப்டன் சிரித்தாராம், வெகுநேரம்.

மாலையில் பந்தி ஓய்ந்த பிறகு பூங்காவனத்திடம் போய் உட்கார்ந்தேன். சந்தேகப் புத்தி என்னை விடவில்லை.

“நீங்க சொன்னதை மாமா நம்பினாராங்க அத்தை?”

பூங்காவனம் யோசித்தார்.

“அதத்தான் தம்பி நானும் பதினாறு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நான் கூவி முடிச்சதும் கிட்ட வரச்சொன்னாரு. கைய நீட்டி என் கன்னத்தத் தட்டுனாரு. ஸ்கூல்ல நல்லா நாடகம் போட்ட புள்ளைய வாத்தியாரு தட்டிக் குடுப்பாரு பாருங்க, அந்த மாதிரி.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.